நிரப்பாத பீப்பாய்

எங்கள் ஜுரா மலைப்பக்கத்தில் மஞ்சள் ஒயின் செய்கிறவனுக்கு முக்கியமான வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். மற்ற ஊர்களில் பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய, மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். நாங்கள் நிரப்புவதில்லை. குறைந்த இடத்தில் காற்று நிற்கும். காற்றுக்கும் ஒயினுக்கும் நடுவே, பாலில் கட்டுகிற மாதிரி மெல்லிய ஏடு ஒன்று தானாகக் கட்டும். அந்த ஏடு கலையாமல் ஆறு வருஷம் மூன்று மாதம் கிடந்தால், வால்நட்டும் வறுத்த வெந்தயமும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை ஏறி, ஒயின் பொன்னாகிவிடும். கலைந்தால் ஒயின் புளித்துக் காடிதான். பொறுமைசாலிகளின் தொழில் என்று வெளியூர்க்காரர்கள் எங்களைப் புகழ்வார்கள். சோம்பேறிகளின் தொழில் என்பார் என் அப்பா. கோழைகளுக்கும் இது தோதான தொழில் என்பதை அறுபத்தாறாவது வயதில் நானே கண்டுபிடித்தேன்.

என் பெயர் எலுவா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எதிர்ச்சாரியில் என் தம்பி ரெமியின் வீடு. என் வாசலிலிருந்து அவன் வாசலுக்கு முப்பத்துநான்கு எட்டு. அது சின்ன வயதில் எண்ணிய கணக்கு. இப்போது என் முழங்காலுக்கு நாற்பதுகூட ஆகலாம். அந்த நாற்பது எட்டை நான் ஆறு வருஷமாக வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பீப்பாய் மட்டும் மிச்சம் இருந்தது. அப்பா சாகும்போது வீடுகளையும் தோட்டங்களையும் பிரித்துக் கொடுத்துவிட்டு, செங்குத்துப் பாறைக்கு அடியில் இருக்கும் பதினோரு வரிசைக் கொடிகளை மட்டும் பிரிக்காமல் எங்கள் இருவர் பெயரிலும் விட்டுப் போனார். அந்த அக்டோபரில் நானும் ரெமியும் சேர்ந்து அதில் பழம் பறித்தோம். சேர்ந்து பிழிந்து, சேர்ந்து ஒரு பீப்பாயில் ஊற்றி, என் நிலவறையின் கடைசி மூலையில் வைத்தோம். மூன்று மாதத்தில் எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. இந்த ஜனவரியில் பீப்பாய்க்கு ஆறு வருஷம் மூன்று மாதம் நிறைந்தது. அதைத் திறக்கிற அன்றைக்கு ரெமி வருவானா என்பதுதான் என் வாழ்க்கையில் மீதி இருந்த ஒரே கேள்வி. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் அதைத்தான் நினைப்பேன்.

ஏன் பேச்சு நின்றது என்பதை மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையது.

அந்தக் குளிர்காலத்தில் குடலிறக்கத்துக்காக நான் பத்து நாள் டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் நிலவறையை ரெமிதான் பார்த்துக்கொண்டான். திரும்பி வந்து பார்த்தால், மூன்று வருஷமாக நான் தொடாமல் வைத்திருந்த இரண்டு பீப்பாய்களை அவன் விளிம்புவரை நிரப்பி வைத்திருந்தான். ஏடும் போயிற்று, மூன்று வருஷமும் போயிற்று. வீட்டிலேயே கூப்பிட்டு இரண்டு திட்டு திட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நானோ இரண்டு நாள் அதை உள்ளேயே வைத்துக் குமைந்து, சரியாகப் புனித வின்சென்ட் திருநாளுக்குக் கொண்டுபோனேன். வின்சென்ட் எங்கள் திராட்சைக்காரர்களின் பாதுகாவலர். பூசை முடிந்ததும் ஊரே ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் நாள் அது.

"என் பீப்பாய்ல கை வெக்க உனக்கு யாருடா அதிகாரம் குடுத்தா?" என்று ஆரம்பித்தேன்.

"அண்ணே, ஏடு திட்டுத் திட்டா விட்டுப் போயிருந்துச்சு. அப்பிடியே விட்டா காடிதான். நிரப்பி வெச்சா சாதா வெள்ளை ஒயினாவாச்சும் தேறும்னுதான்..."

"இன்னும் மூணு வருஷம் பொறுக்க முடியலியா உன்னால?"

"பொறுத்தா கெட்டுடும்னுதான் சொல்றேன். கொஞ்சம் கேளேன்."

நான் கேட்கவில்லை. முப்பது பேர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் பார்த்தால் எனக்கு நாக்கு நீளும். "உனக்கு எங்கடா பொறுக்கத் தெரியும்? எதையுமே நிறைமாசம் வரைக்கும் வெச்சிருக்கத் தெரியாத வீடாச்சே உன் வீடு!" என்றேன்.

ரெமியின் மனைவி நதீன் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மூன்று தடவை கர்ப்பம் கலைந்திருந்தது. மூன்றாவது, ஏழாம் மாதத்தில். ஊருக்கே தெரியும், ஊரில் ஒருவரும் பேசமாட்டார்கள். நதீன் கையிலிருந்த கரண்டியை உருளைக்கிழங்குப் பாத்திரத்தின் ஓரத்தில் சத்தம் வராமல் சாய்த்து வைத்தாள். ரெமி அவள் கோட்டை எடுத்து வந்து தோளில் போட்டான். இருவரும் போனார்கள். கொட்டின சொல்லை அள்ளவா முடியும்? நான் உட்கார்ந்து மீதிச் சாப்பாட்டையும் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மறு வாரம் நிலவறை மேசையின் இழுப்பறையைத் திறந்தபோது ஒரு சீட்டு கிடந்தது. அந்த இரண்டு பீப்பாய்களையும் டவுனில் சோதித்த சீட்டு. காடி ஏற ஆரம்பித்துவிட்டது, உடனே எடுத்துவிடுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. ரெமி செய்ததுதான் சரி. அன்றைக்கே எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. அவன் கோபம் ஆறட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காயத்தில் கை வைக்கக் கூடாது, தொடாமல் விட்டால் தானாக ஏடு கட்டிவிடும் என்றும் சொல்லிக்கொண்டேன். சாக்குத் தேடுகிறவனுக்கு அவன் தொழிலே சாக்கு எடுத்துக் கொடுக்கும். தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்கள், என்றைக்காவது அவன் சதை ஆடட்டும், வரட்டும் என்று இருந்தேன். என் சதைக்கு என்ன கேடு என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆறு வருஷம் எப்படிப் போனது என்று கேட்டால், ஒருத்தனுக்குச் சமைத்துப் போனது. ஒரு தொத்திறைச்சி இரண்டு வேளைக்கு வரும். பாலாடைக்கட்டி காய்ந்துபோகும், காய்ந்ததைச் சூப்பில் போடுவேன். பொழுது சாய்ந்தால் சமையலறை விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். எதிர்வீட்டில் விளக்கு எரிவது தெரியும், நதீன் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பது தெரியும். ரெமி இருமுவது கேட்கும். டிராக்டர் எழுப்புகிற சத்தத்தை வைத்தே அவன் எந்தத் தோட்டத்துக்குப் போகிறான் என்று சொல்லிவிடுவேன். ஒருத்தரைப் பற்றி இவ்வளவு தெரிந்துவைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது என்ன பிழைப்போ. கிறிஸ்துமஸ் அன்று ரேடியோவோடு பேசினேன். அது பதில் சொல்லவில்லை என்று கோபித்து அணைத்தேன்.

அப்பாவின் பதினோரு வரிசையையும் ஒன்றும் பேசாமலே பிரித்துக்கொண்டோம். மேல் ஆறு வரிசை நான், கீழ் ஐந்து வரிசை அவன். அவன் கொடிகளைக் கவாத்து வெட்டிப் போன மறுநாள் நான் போவேன். என் வரிசைகளை வெட்டும் முன்னால் அவன் வரிசைகளில் ஒரு நடை நடந்து பார்ப்பேன். ரெமியின் வெட்டு எனக்கு நன்றாகத் தெரியும். மொட்டுக்கு மேலே ஒரு விரல் விட்டு, சரிவாக, ஒரே அழுத்தில் வெட்டுவான். ஒரு வருஷம் வெட்டுகள் அவசரமாக இருந்தன, மழைக்குப் பயந்திருப்பான். இன்னொரு வருஷம் நிதானமாக இருந்தன. கடிதம் படிக்கிற மாதிரி படித்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இந்த ஜனவரியில் போய்ப் பார்த்தபோது அந்த ஐந்து வரிசையிலும் வேறு யாரோ வெட்டியிருந்தார்கள். மொட்டை ஒட்டி வெட்டியிருந்தது, பல இடத்தில் இரண்டு தடவை அழுத்தி நசுக்கியிருந்தது. நான் வரிசையின் முதலிலிருந்து கடைசிவரை போனேன். ஒரு வெட்டுகூட ரெமியுடையது இல்லை. கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு வேலை செய்யாமலே இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் ரொட்டி வண்டி வந்தது. வண்டிக்காரி மர்தின் என் வாசலில் ஒரு தடவை ஹாரன் அடிப்பாள், ரெமி வாசலில் ஒரு தடவை அடிப்பாள். முன்பெல்லாம் இரண்டு வீட்டுக்கும் ஒரே ஹாரன்தான்.

"மர்தின், எதிர்வீட்ல எல்லாரும் நல்லாயிருக்காங்களா?" என்று காற்றோடு கேட்கிற மாதிரி கேட்டேன்.

"ஏன், கண்ணு தெரியலியா? ஜன்னல்லயே குடியிருக்கீங்களே!"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கணும்னா அங்க போய்க் கேளுங்க. நான் ரொட்டி விக்கிறவ. உங்க ரெண்டு பேருக்கும் தூது போக எனக்கு யாரும் படியளக்கல," என்று ரொட்டியை என் நெஞ்சில் குத்துகிற மாதிரி நீட்டினாள். "இந்த வயசுலயும் ரெண்டு கல்லுளிமங்கனுங்க. டீசல்தான் தண்டம்."

அவள் போன பிறகு ஒரு காகிதம் எடுத்தேன். என்னென்னவோ எழுத நினைத்து, கடைசியில் "சனிக்கிழமை மூன்று மணிக்கு அப்பா பீப்பாயைத் திறக்கிறேன். பாதி உன்னுடையது. எலுவா" என்று மட்டும் எழுதினேன். இரண்டு வாக்கியத்துக்கு அரை நாள். அவர்கள் காரில் வெளியே போகும்வரை காத்திருந்து, தெருவை மட்டும் கடந்து, வெளிவாசல் கம்பத்தில் இருந்த அவர்களுடைய தபால் பெட்டியில் திருடன் மாதிரி போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

சனிக்கிழமை காலையிலேயே நிலவறையைக் கூட்டினேன். இரண்டு கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்து வைத்து, அப்புறம் மூன்றாவதையும் துடைத்தேன். நல்ல பாலாடைக்கட்டியாக ஒரு துண்டு வாங்கி வைத்திருந்தேன், வால்நட் உடைத்து வைத்தேன். சட்டையை மாற்றினேன். அவன் வந்ததும் என்ன சொல்வது என்று பீப்பாயின் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். "வாடா" என்று ஆரம்பிப்பதா, "வா ரெமி" என்று ஆரம்பிப்பதா என்பதிலேயே ஒரு மணி நேரம் போனது.

மூன்று மணிக்கு வாசலில் ஒற்றைச் சக்கர வண்டியின் சத்தம் கேட்டது. நதீன் வந்தாள். தனியாக. வண்டியில் பிரம்புக்கூடை பின்னிய இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகள் இருந்தன. அவள் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்தாள், ஜன்னலிலிருந்து பார்த்தபோது அது முழுக்க நரைத்திருந்தது தெரியவில்லை.

"எங்க பங்க எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் அத்தான்."

"ரெமி வரலியா?"

"வரல."

"கோபமா இருக்கானா?"

"கோபமா?" அவள் உண்மையிலேயே யோசித்தாள். "அதெல்லாம் எப்பவோ போச்சு. டிவியில துப்பாக்கி சுடுற பனிச்சறுக்குப் போட்டி ஓடுது, பாத்துக்கிட்டிருக்காரு."

"அந்த அஞ்சு வரிசைய யாரு வெட்டினா?"

"பாத்தீங்களா? நான்தான். போன மார்ச்ல அவருக்கு வலது கையில ஆபரேஷன். விரல் மடங்கல. கத்தரி பிடிக்க முடியாது." கொஞ்சம் வெட்கப்பட்டாள். "கேவலமா வெட்டியிருக்கேன், தெரியும்."

மார்ச்சிலிருந்து பத்து மாதம். நாற்பது எட்டில் இருந்துகொண்டு என் தம்பிக்கு ஆபரேஷன் ஆனது எனக்குத் தெரியவில்லை. விளக்கும் இருமலும் டிராக்டரும் தெரியும் என்று பெருமையடித்தேனே, டிராக்டரை இத்தனை நாளும் ஓட்டியது நதீன்தான் என்பதுகூடத் தெரியவில்லை.

நிலவறைக்கு இறங்கினோம். பழக்கத்தில் நதீனே ஆணியில் தொங்கிய, ஒயினை உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் குழலை எடுத்தாள். நான் பீப்பாயின் தக்கையைத் தட்டத் தொடங்கினேன்.

"கடைசியா எப்ப சோதனைக்குக் குடுத்தீங்க?" என்றாள்.

"குடுக்கல."

"இந்த வருஷமா?"

"ஒரு தடவகூடக் குடுக்கல."

"ஆறு வருஷமாவா?"

"உங்க பங்கும் இருக்கில்ல? நீங்க இல்லாம தக்கையத் தொட மனசு வரல நதீன். தொடாம இருந்தா நல்லதுதானேன்னு..."

அவள் குழலை இறக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அத்தான், நிரப்பாதன்னுதான் பெரியவங்க சொன்னாங்க. எட்டிப் பாக்காதன்னு யாரு சொன்னா? ஆறு மாசத்துக்கு ஒரு தடவ உங்க ரெண்டு பேர் பீப்பாய்லேருந்தும் குட்டிக் குட்டிப் பாட்டில்ல எடுத்துக்கிட்டு டவுனுக்கு ஓடினது யாரு? நான்தானே? இந்த மலையில எந்தப் பைத்தியக்காரன் ஒண்ண மூலையில போட்டுட்டு ஆறு வருஷம் திரும்பிப் பாக்காம இருப்பான்? அதுக்குப் பேரு பொறுமையா?"

பீப்பாயைப் பற்றி ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் பீப்பாயைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது என் மரமண்டைக்கும் புரிந்தது.

"மொத வருஷம் ஞாயித்துக்கிழமைன்னா மூணு கோப்பை எடுத்து வெப்பாரு," என்றாள். "அண்ணன் இன்னைக்கு வரும், வந்து கொஞ்சம் மொணமொணக்கும், அப்பறம் உக்காந்து சாப்பிடும்னு சொல்வாரு. நானும் சரின்னேன். எனக்கு மன்னிப்புகூட வேணாம், மனுசன் வந்து உக்காந்தாப் போதும்னுதான் இருந்தேன். ரெண்டாம் வருஷமும் வெச்சாரு. மூணாம் வருஷம் ஒரு நாள் பாத்தா மேசையில ரெண்டுதான் இருந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கல. ஆறின கஞ்சி பழங்கஞ்சி அத்தான்."

"நதீன், அன்னைக்கு நான் சொன்ன வார்த்தை..."

"அது ஒரு வார்த்தை. மூணு தடவ ஆஸ்பத்திரியிலேருந்து வெறுங்கையோட வந்தவ நான், ஒரு வார்த்தையத் தாங்க மாட்டேனா? அன்னைக்கு ராத்திரி அழுதேன், முடிஞ்சுது. அதுக்கப்பறம் வந்த ஆறு வருஷம் இருக்கே, அதத்தான் என்ன செய்யிறதுன்னு எங்களுக்குத் தெரியல."

நான் அழுதேன். சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன். அவள் ஆறுதல் சொல்லவில்லை, பாதி தட்டியிருந்த தக்கையை அவளே எடுத்தாள். விளக்கைப் பிடித்து எட்டிப் பார்த்தோம். மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போயிருந்தது. மீதியின் மேல் சாம்பல் நிறத்தில் ஏடு ஒரு கிழிசல் இல்லாமல் கிடந்தது. அவள் குழலை ஓரமாக இறக்கி எடுத்துக் கோப்பைகளில் விட்டாள்.

ஒயின் நன்றாக இருந்தது. நன்றாக என்றால், என் வாழ்நாளில் இப்படி ஒன்றை நான் செய்ததில்லை. தொண்டையில் இறங்கி வெகுநேரம் கழித்தும் வாயை விட்டுப் போகவில்லை. ஒரு தடவைகூடப் பார்க்காமல் விட்டதற்குக் காடியாகியிருக்க வேண்டும், ஆகியிருந்தால் எனக்கும் சரியான தண்டனையாக இருந்திருக்கும். ஒயினுக்கு என் யோக்கியதையைப் பற்றி என்ன கவலை?

"மாமா இருந்து குடிச்சிருக்கணும்," என்றாள் நதீன், என் அப்பாவை நினைத்து. பிறகு மூன்றாவது கோப்பையைப் பார்த்தாள். "இத நீங்களே கொண்டுபோய்க் குடுங்க."

"வாங்குவானா?"

"எனக்கென்ன தெரியும்? போனாத்தானே தெரியும்."

ஒரு சின்னக் கூஜாவில் ஒயினை ஊற்றிக்கொண்டு தெருவைக் கடந்தேன். எண்ணவில்லை. கதவைத் தட்டினேன். "தெறந்துதான் இருக்கு" என்று உள்ளிருந்து ரெமியின் குரல் வந்தது. அவன் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"அட, வாண்ணே. உக்காரு. குளிரா இருக்கா வெளிய?"

அவ்வளவுதான். நான் ஆறு வருஷமாக இந்தக் காட்சியை மனதில் போட்டுப் பார்த்திருக்கிறேன். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துவான். அல்லது கத்துவான். அல்லது கட்டிப்பிடித்துக்கொள்வான். குளிரைப் பற்றிக் கேட்பான் என்று மட்டும் நினைத்துப் பார்த்ததில்லை. டிவி சத்தத்தைக் குறைத்தான். இடது கையால் காபி ஊற்றினான்.

"எத்தன சர்க்கரை?" என்று கேட்டான்.

ஐம்பத்தேழு வருஷம் என்னோடு ஒரே மேசையில் காபி குடித்தவன். நான் சர்க்கரை போடுவதில்லை என்று சொன்னேன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். நான் கூஜாவிலிருந்து ஊற்றிக் கொடுத்த ஒயினை முகர்ந்து, ஒரு வாய் குடித்து, இன்னொரு வாயும் குடித்தான்.

"நல்லாருக்கு. ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றான். அக்கம்பக்கத்து வீட்டில் போய் ருசி பார்க்கும்போது நாங்கள் எல்லோரும் சொல்வது அப்படித்தான்.

"ரெமி, அந்த ரெண்டு பீப்பாய நீ நிரப்பினது சரிதான்டா. சோதனைச் சீட்டு அடுத்த வாரமே என் கண்ணுல பட்டுச்சு. தெரிஞ்சும் நான் வரல."

"தெரியும்ணே. நான்தானே அந்தச் சீட்ட டிராயர்ல வெச்சேன். பாத்துட்டு வருவன்னு நெனச்சேன்." குரலில் குத்தல் இல்லை, போன வருஷத்து மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னான்.

"நதீனப் பத்தி நான் சொன்னது மன்னிக்க முடியாதது. இன்னைக்கு அவகிட்ட சொல்ல ஆரம்பிச்சேன், உங்கிட்டயும் சொல்றேன். என்னை மன்னிச்சிரு."

"அது எப்பவோ முடிஞ்சதுண்ணே. விடு. அதப்போய் இன்னும் மனசுல வெச்சிக்கிட்டு." அவன் கண் டிவிக்குப் போய் வந்தது. "பாரேன், நார்வேக்காரன் ரெண்டு குறியத் தவற விட்டுட்டான்."

நானும் பார்த்தேன். குறி தவறியதற்கு நார்வேக்காரன் தண்டனைச் சுற்று சுற்றிக்கொண்டிருந்தான். ரெமியின் கையைப் பற்றிக் கேட்டேன், விரலைக் காட்டினான். என் முழங்காலைப் பற்றிக் கேட்டான், சொன்னேன். பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்கூட இதைவிட நெருக்கமாகப் பேசிக்கொள்வார்கள். அவனிடம் ஒளித்து வைத்த கோபம் ஒரு துளியாவது இருக்குமா என்று தேடித் தேடிப் பார்த்தேன், இருந்தால் பிடித்துக்கொண்டு அழலாம். இல்லை. என் மேல் கோபப்படுகிற வேலையை அவன் செய்து முடித்துவிட்டு, நான் இல்லாமல் வாழக் கற்றுக்கொண்டிருந்தான். நானோ இத்தனை நாளும் அவன் கோபத்தோடுதான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

காபி தீர்ந்தது. எழுந்தேன். அவன் வாசல்வரை வந்தான். எங்கள் ஊரில் கூடப்பிறந்தவர்கள் விடைபெறும்போது கன்னத்தோடு கன்னம் வைப்பார்கள். கைகொடுப்பது பத்திரம் எழுதுகிறவருக்கும் டிராக்டர் விற்க வருகிறவனுக்கும். நான் முகத்தை நீட்டும் முன்னால் ரெமி இடது கையை நீட்டினான். வேண்டுமென்று செய்யவில்லை, அவனுக்கு அது தோன்றவே இல்லை. என் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"நாளைக்கு வரட்டுமா?" என்றேன்.

"எதுக்கு? பங்கு பிரிக்கவா? அத நதீன் பாத்துப்பாளே."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நிலவறையில் நதீன் ஜாடிகளை நிரப்பித் தக்கை போட்டிருந்தாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். மூன்று பேருக்கென்று வாங்கி வைத்த பாலாடைக்கட்டியை அன்று மாலை நான் தொடவில்லை. எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. ஜன்னல் பக்கம் போகாமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் தெருவைக் கடந்து கதவைத் தட்டினேன். இந்தத் தடவை அது உள்ளே தாழிட்டிருந்தது. ரெமி வந்து திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று, இடது கையால் தாழை நீக்குவது சிரமமாக இருந்திருக்க வேண்டும்.

"என்னண்ணே, எதையாவது மறந்து வெச்சிட்டுப் போயிட்டியா?" என்று கேட்டான்.

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். திரும்பி மேசையை ஒரு பார்வைகூடப் பார்த்தான்.

"இல்லடா. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?" என்றான்.

சும்மா வந்தவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கதவைப் பிடித்தபடியே நின்றான். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குளிர் காதைக் கடித்தது. போ என்று அவன் வாயால் சொல்லும்வரை நகர்வதில்லை என்று நான் அங்கேயே நின்றேன்.